ஏரிக்கரையில் ஒரே ஷிஃப்ட்

கல்யாணமான புதிதில் எங்கள் மேல் கண் வைக்காதவர்கள் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரகடத்தில் கம்பெனி வேலை. குழந்தை பிறந்தபின் அவருக்கு ஒரு ஷிஃப்ட், எனக்கு ஒரு ஷிஃப்ட் என்றானது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அவர் இறங்கிப் பிள்ளையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொள்வார், நான் ஏறிவிடுவேன். "சோறு ஊட்டியாச்சு", "இருமல் மருந்து குடுக்கணும்". எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான்.

பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அம்மாவும் பக்கத்துத் தெருவுக்கே குடிவந்துவிட்டாள். இனி ஒரே ஷிஃப்ட்டுக்கு மாறினால் என்ன, ஒருவேளைச் சோறாவது ஒன்றாக உட்கார்ந்து தின்னலாமே என்று எனக்கு ஆசை. அதை பஸ் ஹாரன் அடிக்கும்போது நின்றபடி கேட்க மனசு வரவில்லை.

அதிசயமாக இருவருக்கும் ஒரே நாளில் வீக் ஆஃப் வந்தது. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆன்லைனில் வாங்கிய கூடாரத்தோடு ஏரிக்குப் போனோம். மீன் குத்தகைக்காரரின் ஆட்கள் வலையைக் கண்டால்தான் சண்டைக்கு வருவார்கள், தூண்டிலைக் கண்டுகொள்வதில்லை.

கூடாரம் அடித்ததும் அவர் உள்ளே போய்ப் படுத்தார். படுத்தவர் படுத்தவர்தான். நான் மண்புழுவைக் கோத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கென்ன மீன் பிடிக்கத் தெரியும்? ஆனாலும் பெரிய கெண்டை ஒன்று மாட்டியது. சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் அவரை உலுக்கினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வந்துட்டியா? மிஷின் ஓடிக்கினு கீது, பாத்துக்கோ."

அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

சாயங்காலம் எழுந்து வந்து அவரும் தூண்டில் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

"ஏங்க, சூப்பர்வைசராண்ட சொல்லி என் ஷிஃப்ட்டுக்கே மாத்திக்கினா இன்னா?"

"போன மாசம் அவரே கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"வேணாம்னுட்டேன்." தூண்டில் தக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சண்டை சச்சரவு இல்லாம இப்டியே நல்லாத்தானே போய்க்கினு கீது?"

என்னோடு சண்டை போடக்கூட இந்த மனுஷனுக்கு நான் வேண்டாம்.

மீனை அங்கேயே ஆய்ந்து குழம்பு வைத்தேன். ஒட்ட வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இந்த மாதிரி அடிக்கடி வரணும்" என்றார். மீதிக் குழம்பை இரண்டு டப்பாவில் பிரித்து ஊற்றினேன், அவர் ஷிஃப்ட்டுக்கு ஒன்று, என் ஷிஃப்ட்டுக்கு ஒன்று.