ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே ஒரு பச்சை

முதல் ஓலை படித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நான் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் ராயபுரத்து மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பேரைச் சொல்லி ஓலை படிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சாமியாரிடம் போய்ச் சொல்லலாம். மூன்றும் தாண்டினால்தான் தாலி. அந்தப் பொறுமை எனக்கு ஏது? வெள்ளைக்காரன் போய் மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, துறைமுகத்தில் கிரேனுக்குக் கொக்கி மாட்டும் வேலை. கட்டிக்கொள்ளப் போகிறவள் பேரை இடது முன்கையில், ஊரே படிக்கிற அளவில் குத்திக்கொண்டேன்.

குத்திய அம்மாள் மேலே மஞ்சளை அப்பிவிட்டு, "பத்து நாளைக்கு தேங்காண்ணெ தடவிகினே இரு. பொருக்கு கட்டும், அரிக்கும். சொறிஞ்சே, பேரு பூடும். நண்டு, கருவாடு, கத்திரிக்கா வாயிலயே வெக்காத" என்றாள். காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவன் நண்டும் கருவாடும் இல்லாமல் பின்னே என்னத்தைத்தான் தின்பது?

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அறிவு கெட்டவனே, உன் மாமனாரு இன்னா சொன்னாரு? பச்ச குத்திகினவன்லாம் கப்பல்காரன், ஒரு வூட்ல தங்க மாட்டான்னு சொன்னாரா இல்லியா? பாத்தாருன்னா கல்யாணமே நின்னுடும்."

உண்மைதான். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் ஃபிட்டராக இருந்தவர் அவர். தாயில்லாப் பெண்ணைத் தனி ஆளாக வளர்த்தவர், பேச்சில் கறார். ஆகவே தாலி ஏறுகிறவரை முழுக்கைச் சட்டை என்று முடிவாயிற்று. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கூட்டாளிகள், "தொர வர்றாரு, ஓரம் போங்கடா" என்று மரியாதையாக வழிவிட்டார்கள்.

அம்மா திட்டிக்கொண்டே காலையும் மாலையும் எண்ணெய் தடவினாள். மூன்றாம் நாள் கை பன்னு மாதிரி உப்பியது. ஒரு வாரத்தில் பொருக்குத் தட்டி அரிக்க ஆரம்பித்தது பாருங்கள், அந்த அரிப்பு எதிரிக்குக்கூட வரக்கூடாது. தூக்கத்தில் சொறிந்துவிடுவேன் என்று என் வலது கையில் பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

இரண்டாம் ஓலை படித்த அன்று மாமனாரே எண்ணூர் நண்டுக் குழம்போடு வந்துவிட்டார். எதிரில் உட்கார்ந்து, "சாப்டு நைனா" என்றார். வயிறு சரியில்லை என்றேன். புதன்கிழமை சுறாக் கருவாடு வந்தது. பல்வலி என்றேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் நண்டையும் கருவாட்டையும் ஒதுக்கினால், அவன் உடம்பில் சொறியோ சிரங்கோ, அதற்கும் மேலே எதுவோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். போதாததற்கு வெயிலில் முழுக்கைச் சட்டை வேறு.

சனிக்கிழமை சாயங்காலம் யார்டிலிருந்து நேரே வந்தார். கையில் கிரீஸ்கூடப் போகவில்லை.

"சட்டைய கழட்டு."

"மாமா..."

"நாளைக்கு மூணாவது ஓலை. ஒடம்புல நோவ வெச்சிகினு எம் பொண்ண கட்டப் பாக்குறியா? நானே சாமியாருகிட்ட சொல்லி நிறுத்திடுவேன். கழட்டு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நோயாளி என்றாலும் கல்யாணம் போச்சு, பச்சை குத்தினவன் என்றாலும் போச்சு.  சட்டையைக் கழற்றிக் கையை நீட்டினேன்.

உரிந்தும் உரியாமலும் செதிலோடு கிடந்தது அவர் பெண்ணின் பேர். குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எண்ணெ எங்க கீது?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இரும்பைத் தட்டித் தட்டிக் காய்த்துப்போன விரல். அதால் ஒவ்வொரு எழுத்தாக, வலிக்காமல் எண்ணெய் தடவினார்.

"செதில பிச்சிடாத நைனா," என்றார். "அவங்கம்மா இந்தப் பேர வெச்சிட்டுப் பூட்டா. இத்தினி வருசமா வூட்ல நான் ஒருத்தன்தான் கூப்டுகினு கீறேன்."