எறும்பு வராத தெரு

மாத்திரை என்றால் அந்தக் கிடங்குச் சாலையில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மக்காச்சோள மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, இடுக்குகளில் பூச்சிமருந்து மாத்திரை வைப்பது பதினான்கு வருடமாக அவர் வேலை. காற்றுப் பட்டதும் மாத்திரை புகையும். வண்டு, புழு எல்லாம் போய்ச் சேரும். உயிரோடு ஒரே ஒரு வண்டு தென்பட்டாலும் துறைமுகத்தில் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கோ விளைந்து, வேறெங்கோ கோழித் தீவனமாகப் போகிற சோளத்துக்கு நடுவழியில் இத்தனை உபசாரம்!

தார்ப்பாயைப் பிரித்ததும் மாத்திரை உள்ளே போய்விடமாட்டார். வாசலில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவார். எறும்பு வந்தால்தான் காலை எடுத்து வைப்பார்.

"புகையை அளக்குற மீட்டர் பொய் சொன்னா அதுக்கு என்ன நஷ்டம்? எறும்புக்கு உசிரு போகும்ல" என்பார். கேலி செய்தவர்களும் அவர் உள்ளே போன பிறகுதான் தாங்களும் போனார்கள்.

புதுச் சாலை வந்தது. நாளுக்கு இருபது லாரி அறுபதானது. ஐந்து நாள் மூடியிருக்க வேண்டிய தார்ப்பாயை மூன்றாம் நாளே பிரிக்கச் சொன்னார் மேனேஜர். மிச்சப் புகையெல்லாம் வெளியே இறங்கியது. ஒரு நாள் காலையில் போட்ட சர்க்கரை மதியம்வரை அப்படியே கிடந்தது. அடுத்த கிடங்கு வாசலிலும் அதே கதை. கிடங்கின் பின்சுவரை ஒட்டித்தான் மாத்திரையின் வீடு. ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மனைவி சந்தோஷமாக இருந்தாள்.

"ஏங்க, பாப்பா சர்க்கரை டப்பாவைக் கவுத்து நாலு நாளாச்சு போல. அலமாரிக்கு அடியில கிடக்கு, ஒரு எறும்பு வரணுமே! கொசு இல்ல, பல்லி இல்ல. எனக்குத்தான் லேசா தலைவலி. பாப்பா ரொம்ப சமத்து, அழுறதே இல்ல. தூங்கிக்கிட்டே இருக்கா."

வீட்டில் ஒரு ஈயின் சத்தம்கூட இல்லை. பத்து மாதக் குழந்தை வெறுந்தரையில் குப்புறக் கிடந்தாள். அந்தப் புகை காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் போகும். மாத்திரை அவளை வாரி எடுத்து உலுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிணுங்கினாள். மாத்திரை வாய்விட்டு அழுதார்.

டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, முதலில் வீட்டை மாற்றுங்கள் என்றார்.

மறுநாளே இருவரும் குழந்தையோடும் சர்க்கரைப் பொட்டலத்தோடும் கிளம்பினார்கள். ஒவ்வொரு தெருவிலும் மாத்திரை ஒரு சிட்டிகை போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. மரங்களில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்பதாவது தெருவில், ஒரு காலி மனையை ஒட்டிய வீட்டு வாசலில், எறும்பு வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு சாரைசாரையாக. மனைவி சிரித்தேவிட்டாள்.

மாடி காலியாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் சாவியை எடுத்து வந்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"சோளக் கிடங்குல மருந்து வைக்கிறேங்க."

"அடடே, ரொம்ப வசதியாப் போச்சு!" வீட்டுக்காரர் பக்கத்து மனையைக் காட்டினார். "உங்க கம்பெனிதான் இதை வாங்கியிருக்கு. அடுத்த மாசமே ஷெட் போட்டு மூட்டை இறக்குறாங்களாம். நீங்க நடந்தே வேலைக்குப் போயிடலாம்."