பச்சைப் புள்ளிகளும் ஒரு கறுப்புத் திரையும்

போன வாரம் பெரிய மானிட்டர் ஒன்று வாங்கினேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவளுக்கு அது தேவையாக இருந்தது. மேசையில் தூக்கி வைத்ததும் பரணில் கிடக்கும் என் பழைய மடிக்கணினி நினைவுக்கு வந்தது. கல்லூரி நாளில் அப்பா எங்கிருந்தோ பழையதாக வாங்கித் தந்தது. அதன் திரை இருண்டு வெகுகாலம் ஆகிறது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று இதில் மாட்டிப் பார்க்க ஆசை.

பழையதின் விலாவில் இருப்பது ஸ்க்ரூ வைத்து முடுக்குகிற நீல நிற வாய். புதியதில் மெல்லிய எச்டிஎம்ஐ வாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் வேண்டும். தஞ்சாவூர்க் கடையில் கேட்டேன்.

"பழசுலேர்ந்து புதுசுக்குப் போறதா, புதுசுலேர்ந்து பழசுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

இரண்டும் ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும். "அப்ப மாட்டிக் காட்டுங்க" என்றேன். கடையிலிருந்த பழைய கணினி ஒன்றில் மாட்டினார். படம் வரவில்லை. அசடு வழிய உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தார். அதையும் மாட்டிக் காட்டிய பிறகுதான் வாங்கினேன்.

சந்தேகப்படுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. பூதலூர்ப் பக்கம் வயல் மோட்டார் புகைந்தால், புதுக் கம்பி சுற்றி காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோவோம். கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. நல்ல செம்புக் கம்பியை உருவிக்கொண்டு மட்டக் கம்பியைச் சுற்றிவிடுவார்களாம். அதனால் மோட்டாரோடு ஆளும் போய் உட்கார வேண்டும். அப்பா உட்காருகிற உட்காரலில் கடைக்காரர் ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக் காட்டிவிட்டுத்தான் சுற்றுவார். விற்கப் போகும் நெல் மூட்டையின் தையலில்கூட, யாரும் மாற்றிவிடக் கூடாதென்று ஒரு சிவப்பு நூல் சேர்த்துத்தான் தைப்பார்.

அப்படிப்பட்டவர் என் மடிக்கணினியைச் சும்மா விடுவாரா?

அது கடைசி வருடம். புராஜெக்ட் அறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் திரை இருண்டுவிட்டது. அறிக்கை முழுக்க அதற்குள்தான். வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் படிக்கிற பெண், பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். சொல்லப்போனால் பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்காகப் போன முதல் ஆள். "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்ற வாக்கியத்தைப் பெரியப்பா வீட்டில் தயாராக வைத்திருந்தார்கள்.

அன்று காலையிலேயே அப்பாவும் நானும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம். ரிப்பேர் கடைக்காரர் அடி மூடியைக் கழற்றியதும் அப்பா, "தம்பி, கொஞ்சம் கைய எடுங்க" என்றார். மடியிலிருந்து எடுத்தது என் நகப்பூச்சு. கோயில் திருவிழாவில் வாங்கிய, அம்மா பூசக்கூடாது என்று பிடுங்கி வைத்த கிளிப்பச்சை. உள்ளே கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒவ்வொரு பொட்டு வைத்தார்.

"என்னங்கய்யா இது?"

"அடையாளம்."

கடைக்காரர் கோபப்படவில்லை. டீ சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டார். அப்பா வேண்டாம் என்றதாகத்தான் எனக்கு ஞாபகம். திரையின் விளக்கு போய்விட்டது, மாற்றுத் திரை வர ஒரு வாரம் ஆகும் என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒரு கேபிளைக் கையில் கொடுத்தார். "இந்த வாய் இருக்கிற டிவி எதுலயாவது மாட்டுங்க. படம் வரும்."

எங்கள் தெருவில் அப்படியொரு டிவி மும்தாஜ் அக்கா வீட்டில் மட்டும் இருந்தது. அவர் கணவர் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. அக்கா அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருப்பார்.

"மாட்டுனா டிவிக்கு ஒண்ணும் ஆவாதே? அவரு போன்ல மொதல்ல டிவியத்தான் விசாரிக்கிறாரு, அப்புறந்தான் என்னய."

ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்துவிட்டு மாட்டினேன். டிவியில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன. என் மடிக்கணினியின் பின்னணிப் படம்தான். ஆனால் அதன்மேல் இருக்க வேண்டிய ஒரு கோப்பும் இல்லை. கீழே இருக்க வேண்டிய பட்டையும் இல்லை. வெறும் புல்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "உள்ள இருந்ததெல்லாம் எங்க?"

விசைகளை மாறி மாறித் தட்டிப் பார்த்தேன். புல் அசையவில்லை.

"உருவிட்டான். கேபிள சும்மா குடுக்கும்போதே நெனச்சேன்." தோளில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கினார், அடுத்த பஸ்ஸைப் பிடிக்க.

மும்தாஜ் அக்காவுக்குப் பயம் வேறு மாதிரி. "அண்ணே, எங்க டிவி எதையும் எடுக்கலண்ணே. வேணும்னா பின்பக்கம் பாத்துக்குங்க." நிஜமாகவே டிவியைத் திருப்பிக் காட்டினார்.

கிளம்புவதற்கு முன்னால், கடைக்காரன் திரையில் கீறல் ஏதும் போட்டிருக்கிறானா என்று பார்க்க அப்பா எங்கள் வீட்டிலிருந்து டார்ச் லைட்டை எடுத்து வந்தார். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போகும்போது கொண்டுபோகிற கனத்த டார்ச். கறுப்புத் திரைமேல் சாய்த்து அடித்தார்.

"இந்தா, இங்க என்னமோ கட்டங் கட்டமா தெரியுது பாரு."

குனிந்து பார்த்தேன். நிழல் போல என் கோப்புகள் அத்தனையும் வரிசையாக நின்றன. கடைசியில் இருந்தது புராஜெக்ட்.

அப்போதுதான் புரிந்தது. எப்போதோ கல்லூரி புரொஜெக்டரில் மாட்டியபோது, வெளித்திரையை இரண்டாவது மேசைபோலப் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தேன். அந்தக் காலி மேசைதான் டிவியில் வந்திருக்கிறது. சாமான்களெல்லாம் இருட்டு மேசையில். அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்படி மாற்றினேன். கோப்புகள் டிவிக்குள் வந்து விழுந்தன. மும்தாஜ் அக்கா "யா அல்லா" என்றார். உடனே கேபிளைக் கழற்றச் சொல்லி, எல்லாச் சேனலும் வருகிறதா என்று ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி மாட்ட விட்டார். அறிக்கையைப் பென் டிரைவில் ஏற்றினேன். "இத்துனூண்டுக்குள்ள அம்புட்டுமா?" என்று அப்பா அதையும் நம்பாமல் என்னோடு கல்லூரி வரை வந்தார். ஒரு வருடம் போகவில்லை. பெரியப்பா வீட்டு வாக்கியம் அவர்களிடமே இருக்கிறது.

போன வாரம் மாட்டியபோதும் அதே புல்வெளி வந்தது. இந்தத் தடவை கோப்புகளோடு. சந்தோஷத்தில் தூசி துடைக்கலாமென்று அடி மூடியைக் கழற்றினேன். பச்சைப் பொட்டுகள் மங்காமல் இருந்தன. கழற்றி மாற்றக்கூடிய இரண்டு மெமரி அட்டைகளில் ஒன்றில் மட்டும் பொட்டு இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டுலயும் வச்சேனே."

"அப்புறம் எப்படிப்பா?"

"நீ வெளில போன் பேசப் போனல்ல, அப்ப டீ வந்துச்சு. வாசல்ல நின்னு குடிச்சேன்." கழற்றிய மூடியை எடுத்து அதன் உட்புறத்தையும் பார்த்தார். "நல்லா இருந்துச்சு."

இத்தனை வருடம் கழித்து அந்தக் கடையைத் தேடிப் போய்ச் சண்டை போடவும் முடியாது. அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கேபிளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது "வச்சுக்குங்க" என்று அந்த மனிதர் சொன்னதும் நினைவிருக்கிறது. நல்ல மனதாலா, மெமரி அட்டையாலா என்று இப்போது யோசிக்கிறேன்.

மும்தாஜ் அக்கா சவூதிக்கே போய்விட்டார். மோட்டாருக்குக் காவல் உட்கார அப்பா இப்போது போவதில்லை; கடைக்காரர் வீட்டுக்கே வந்து தூக்கிப் போகிறார், அப்பா கைபேசியில் பணம் அனுப்பிவிடுகிறார். ஸ்க்ரூ வைத்து முடுக்குகிற அந்த நீல வாயும் புது மடிக்கணினிகளில் வருவதில்லை.

என் அலுவலகம் தந்த மடிக்கணினியை நாளை பழுது பார்க்கக் கூரியரில் அனுப்ப வேண்டும். அப்பா அதைக் கையில் வாங்கினார். நோட்டுப் புத்தகம்போல மெல்லியது. கவிழ்த்தார், ஓரமெல்லாம் விரலால் தடவினார். ஒரு ஸ்க்ரூவும் தட்டுப்படவில்லை.

"எங்க பொட்டு வைக்கிறது?" என்றார்.