ஏரியின் பெயரில் ஓர் ஒலி

என் மனைவி குவைத்தின் ஃபஹாஹீலில் செவிலியாகப் பணியாற்றியவள். சென்ற ஆண்டு அயர்லாந்தின் மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. என் வயதுக்கு அங்கே எவரும் வேலை தரமாட்டார்கள் என்பதால் நான் இங்கேயே தங்குவதென முடிவாயிற்று. முடிவாகாமல் நின்றது மகளின் பள்ளியிறுதி ஆண்டுதான்: தாயுடன் செல்வதா, என்னுடன் இருந்து முடிப்பதா.

மனைவி செல்லவிருந்த ஊரின் பெயர், ஏரி என்று பொருள்படும் சொல்லில் தொடங்கிற்று. அதை நான் ‘லாஃப்’ என்று படித்தேன்.

“ஐயோ அப்பா, லாஃப்னா சிரிப்பு. இது லொக். முடிஞ்சுதுங்கறதுக்கு அரபிங்க கலாஸ் சொல்லுவாங்கல்ல, அந்த சவுண்ட். தொண்டையில இருந்து வரணும்,” என்றாள் மகள்.

“உங்கப்பாவுக்குத் தொண்டையில இருந்து என்ன வந்திருக்கு?” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

அதன்பின் அச்சொல்லின் இறுதி எழுத்துகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஆங்கிலேயர்க்கும் ஒருகாலத்தில் அத்தொண்டையொலி இருந்ததாம். இரவு, மகள் என்னும் பொருளுடைய தம் சொற்களில் அதை ஒலித்து, ஜி, எச் என்னும் ஈரெழுத்துகளால் குறித்தனர். ஒலி மறைந்தது, எழுத்து எஞ்சிற்று. பழைய சுவடிகளில் எழுதுவோர் தத்தம் செவிக்கேற்ப ஒரே சொல்லைப் பலவாறு எழுதியிருக்கின்றனர். அயர்லாந்தின் ஏரிப் பெயர்களிலோ அவ்வெழுத்தும் ஒலியும் இன்றும் பிரியாமல் வாழ்கின்றன. நம் ஆய்தத்தை எண்ணிக்கொண்டேன். ‘அஃது’ என்பதில் அதற்கிருந்த ஒலியை இன்று யார் அறிவார்? ஃபஹாஹீல் என்று எழுதுகையில் அது வேற்றொலிக்குக் கூலியாளாக நிற்கிறது.

இவற்றையே உணவு மேசையில் நாள்தோறும் பேசினேன். வேறொன்றைப் பேச வேண்டாமென்று மனைவி கேட்டிருந்தாள்.

“நீங்க இருன்னு ஒரு வார்த்த சொன்னா அவ இருந்துருவா. தயவுசெஞ்சு சொல்லிராதீங்க. விடியுமுன்ன டூட்டிக்குப் போனா ராத்திரிதான் வாறீங்க. பொம்பளப் பிள்ள ஃபிளாட்ல தனியாக் கெடக்கணுமா?”



ஒரு வெள்ளிக்கிழமை மனைவி பணிக்குச் சென்றிருந்தாள். தேவாலயத்தில் பூசை முடிந்து மகளும் நானும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம்.

“அப்பா, நான் என்ன செய்யட்டும்?”

சாலையிலிருந்து கண்ணெடுக்காமல், “அங்க குளிர் ரொம்பவாம். நல்ல ஜாக்கெட்டா எடுத்துக்க,” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“ஷூவும் நல்லதா வாங்கணும். மழ விடாமப் பெய்யுமாம்.”

 அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கைபேசியில் தாயை அழைத்தாள்.

“அம்மா, ஸ்கூல்ல டிசிக்கு எழுதிக் குடுத்துரலாம்,” என்றாள்.