முள்ளிப்பட்டில் அரிசிக் காளான்

தங்கையின் கல்யாணப் புடவை தறியிலிருந்து இறங்கப் போகிறது, நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நெசவாளர் கதிர்வேல் போன் செய்தார். அதனால்தான் 2007 ஐப்பசியில், மழை விட்ட மறுநாள், ஆரணி போனேன். சென்னையிலிருந்து காலை ஐந்து மணி பஸ், நாலு மணி நேரம், ஐம்பத்திரண்டு ரூபாய். அங்கிருந்து முள்ளிப்பட்டுக்கு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம், ஐந்து ரூபாய்.

முந்தானையில் இன்னும் ஒரு முழம் பாக்கி. "மூணு மணி நேரம் ஆவும், குந்துங்க சார்" என்றார் கதிர்வேல். அவர் மனைவி மல்லிகா சட்டியோடு கொல்லைக்குக் கிளம்பினார். புற்று மண்ணில் அரிசிக் காளான் முளைத்திருக்கிறதாம், வருஷத்தில் இரண்டு நாள்தான் கிடைக்குமாம். காளான் புத்தகம் இரண்டு படித்தவன் நான், சும்மா இருப்பேனா? பக்கத்து வைக்கோல் போர் ஓரம் கைக்குட்டை நிறையப் பறித்தேன்.

இரண்டும் சுண்டுவிரல் நகம் அளவுதான். அவருடையது கொஞ்சம் மங்கல், என்னுடையது பளிச். "உங்க சட்டியைக் கொட்டிருங்க, என்னோடதைச் சமைங்க" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி. மல்லிகாவின் முகம் வாடிவிட்டது. "வருசா வருசம் துன்றது சார் இது!"

சரி, சோதித்துவிடுவோம் என்றேன். காளான் குடையைக் கவிழ்த்து வைத்தால் அடியிலிருந்து மாவு போலத் தூள் உதிரும். அரிசிக் காளானுக்கு அது வெளிர் ரோஸ். ஆளுக்கொரு குடையை வெள்ளைத் தாளில் வைக்கப் போனேன்.

கதிர்வேல் தறியிலிருந்தே தடுத்தார். "இன்னா சார், வெளிர் கலரு வெள்ளையில எப்டித் தெரியும்?" கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டுத் துண்டுகள் கொடுத்தார். ஒவ்வொரு குடையும் பாதி கறுப்பில், பாதி வெள்ளையில். மேலே டம்ளரைக் கவிழ்த்தோம்.

பன்னிரண்டரைக்குத் திறந்தோம். மல்லிகாவுடையதில், கறுப்புப் பட்டின் மேல் மெல்லிய பூச்சு. "வெள்ளை இல்ல, லைட்டா ரோஸ் அடிக்குது" என்றார் கதிர்வேல். எனக்கு ஜன்னலோரம் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. என்னுடையதில், வெள்ளைப் பட்டின் மேல் அடுப்புக் கரி மாதிரிக் கறுப்புத் தூள். வேறு ஏதோ காளான்!

மல்லிகா சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், அவ்வளவு ருசி.

போகிறவர்களுக்கு: ஐப்பசி மழைக்குக் குடை அவசியம். என் பதிவை நம்பிக் காளான் சாப்பிடாதீர்கள். ரோஸ் தூள் மட்டும் போதாது, அந்த இடத்தையே பல வருஷமாக அறிந்தவர் பறித்துத் தர வேண்டும். அன்று மல்லிகா என் பேச்சைக் கேட்டிருந்தால், மூன்று பேரும் புடவையை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ தேடியிருப்போம்.