ஜலீல் சாரும் பெயரில்லாத குளவியும்

உலகம் உண்டான நாளிலிருந்து பிறந்த மனுஷர்களில், கடவுளே மறந்துபோன வேலையை முடித்துக் கொடுக்கிற யோகம் எங்கள் அப்துல் ஜலீல் சார் ஒருவருக்குத்தான் வாய்த்திருக்கிறது. அவர் சைக்கிள் மணி கேட்டால் கல்வராயன் மலை கொஞ்சம் நகர்ந்து உட்காரும். யானைக்கும் புலிக்கும் பேர் வைத்தது யாரென்று எவனுக்கும் தெரியாது. ஆனால் இந்தக் குளவிக்குப் பேர் வைக்கப் போகிறவர் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், டெல்லியிலிருந்து ரயில் ரயிலாக ஆள் வந்து காலில் விழும்.

இதை நான் டுடோரியல் சுவரில் அடுப்புக்கரியால் எழுதினேன். சார் நின்று முழுவதும் படித்தார். "படைச்சவன் ஒண்ணையும் மறக்கலடா. நாமதான் பாக்கல" என்று சொல்லி, ஈரத்துணியைக் கொடுத்து என்னையே துடைக்க வைத்தார்.

சாருக்கு முப்பத்திரண்டு வயது. திருச்சியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, சர்க்கார் வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியவர். பத்தாம் வகுப்பில் கோட்டை விட்ட எங்களுக்குக் காலையில் டுடோரியலில் உயிரியல் நடத்துவார். சாயங்காலம் அவர் அப்பாவின் இரும்புக் கடை. தாழ்ப்பாளும் கீலும் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை, ஒரு பழைய மைக்ராஸ்கோப். வாடிக்கைக்காரர் வந்து ரெண்டு அங்குல ஆணி கேட்டால், சார் ஒரு கண்ணை மூடியபடியே எழுந்து வந்து மூன்று அங்குல ஆணியைக் கொடுப்பார். கடையில் ஆணியைப் பார்க்க ஆள் இல்லை, பூச்சியைப் பார்க்க எம்.எஸ்ஸி. இருக்கிறது என்று அவர் அப்பா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவார்.

அவருடைய குடைக்குள் தவளை வைத்தது நான்தான். சைக்கிள் சீட்டில் நாயுருவி ஒட்டியதும் நான்தான். தவளையை எடுத்து, அது என்ன ஜாதித் தவளை, எந்தக் குட்டையில் பிடித்தேன் என்று கேட்டாரே தவிர, அடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆளை வைத்து விளையாடுவதில் ருசியே இல்லை.

போன வருஷம் கரியாலூர் அருவிப் பக்கம் ஒரு பாறையில் அவர் அந்தக் குளவியைப் பிடித்தார். கூட்டமாக அடை கட்டுகிற ஜாதி இல்லை, தனியாக வாழ்கிறது. பெண் குளவி ஒற்றை ஆளாக மண்ணுருண்டை சுமந்து வந்து கலயம் மாதிரி கட்டும். பச்சைப்புழுவைக் கொட்டி மயக்கி உள்ளே போடும், முட்டை வைக்கும், வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். இந்த ஜாதியைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்லை என்று சாருக்குத் தோன்றியது. எழுதுவது என்றால் கட்டுரை எழுதுவது இல்லை. மீசையில் எத்தனை கணு, இறக்கையில் நரம்பு எங்கே பிரிகிறது, முதுகில் ஊசி குத்தின மாதிரி குழி எவ்வளவு நெருக்கம் என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுத வேண்டும். மஞ்சள் என்று மட்டும் எழுதினால் போதாதாம், எந்த மஞ்சள் என்று சொல்ல வேண்டுமாம். ஒருநாள் வகுப்புக்கு மஞ்சள் கிழங்கும் பூசணிப்பூவும் கொண்டுவந்து, குளவியைப் பக்கத்தில் வைத்து எங்களைக் கேட்டார். நான் மஞ்சள் காமாலை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல, அதுல பச்சை கலந்திருக்கும்" என்றார்.

பிடித்தது ஆண். மீசை நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தால் ஆண். கொட்டாது. கல்கத்தாவில் குளவி தெரிந்த பெரியவர் ஒருவருக்கு எழுதிக் கேட்டதற்கு, புதுசு மாதிரிதான் தெரிகிறது, ஆனால் ஒரே ஒரு ஆணை வைத்து ஒப்புக்கொள்ள முடியாது, பெண்ணும் கூடும் அனுப்பு என்று பதில் வந்தது. கூடு எப்படி இருக்கும் என்று சார் கரும்பலகையில் வரைந்தார். அருவிப் பாறையில் உடைந்துபோன ஒன்றைப் பார்த்திருக்கிறார். வரிசையாக ஐந்து கலயம், ஒவ்வொன்றின் கழுத்திலும் வெளியே மடித்த விளிம்பு.

அதே கூடு நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசக்காலுக்கு மேலே சுவரில் இருந்தது.

அதைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், அமிர்தம் அண்ணி. என் அண்ணன் தமிழரசனைக் கட்டிக்கொண்டு வந்து ஐந்து வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அம்மா சின்னசேலம் பக்கம் வேறு பெண் இருக்கிறதா என்று சாடைமாடையாக விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். ஆவணியில் அந்தக் குளவி வந்து கட்டியது. வீட்டில் குளவி கட்டினால் குழந்தை வரும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குஞ்சு பொரித்து வெளியே வந்தால் அதே வருஷம் தங்கும் என்பார்கள். அம்மா வேறு பெண் என்கிற பேச்சையே நிறுத்திவிட்டாள். அண்ணி கூட்டுக்குப் பக்கத்தில் சுவரில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். கதவை அடித்துச் சாத்தக் கூடாது. அண்ணன் அவ்வளவு உயரம் இல்லை, ஆனாலும் குனிந்துதான் உள்ளே வருவான்.

அப்புறம்தான் மறியல் வந்தது. எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறித்தார்கள். புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, டுடோரியலும் இல்லை. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போனான்.

நான் சைக்கிளில் வயல் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது சார் கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓடுவதற்குள் மலையில் இருக்கிற கூடெல்லாம் பொரித்து வெறுமையாகிவிடும், இந்த வருஷம் போச்சு என்றார். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், மலைக்கு நடந்தே போய் எடுத்து வருகிறேன் என்று. போலீசும் கலாட்டாவுமாக இருக்கிறது, வேண்டாம் என்றார். அதற்குள் நான் பெடலை மிதித்துவிட்டேன். ஒரு ஆள் என்னைப் பெரிய மனுஷனாகப் பார்த்து வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கரியாலூர் என்ன, கச்சிராயபாளையம் வரைக்கும்கூட நான் போகவில்லை. எங்கள் பம்ப்செட்டு ரூமில் வேர்க்கடலை தின்றுகொண்டு படுத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் அம்மாவும் அண்ணியும் களையெடுக்கப் போன பிறகு, வீட்டுக்குள் நுழைந்து கரண்டியால் கூட்டை அடியோடு பெயர்த்தேன். வாய்க்கால் மண்ணைப் பிசைந்து ஐந்து கலயம் செய்து அதே இடத்தில் ஒட்டினேன். இறங்கி நின்று பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. நான் செய்த சேட்டைகளிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று தனியாக நின்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைக்கும்தான். அண்ணி வயலிலிருந்து வந்தவள், கால்கூடக் கழுவாமல் முதலில் அண்ணாந்து பார்த்தாள். தடியடி நடந்தது என்று சேதி வந்திருந்தது. அண்ணன் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் அவள் அந்த மண்ணுக்குக் கீழே நின்றுகொண்டு, "நீ இருக்கிறல்ல, அவரும் வந்துடுவாரு" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் பிசைந்த மண்ணிடம் சொன்னாள். வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அதற்கும் அண்ணிதான் சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தாள்.

அண்ணன் மறுநாள் வீங்கின தோளோடு வந்து சேர்ந்தான். நான் கூட்டைக் கொண்டுபோய் சாரிடம் கொடுத்தேன். அருவிப் பாறையிலிருந்து எடுத்தேன், மரத்தைத் தாண்டினேன், போலீஸ் துரத்தினார்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். சார் என் காலையே பார்த்தார். டீயும் பன்னும் அவரே போய் வாங்கி வந்தார். கூட்டைக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, கரியாலூர் என்று சீட்டு எழுதி ஒட்டினார்.

கொஞ்ச நாளில் பாட்டிலுக்குள் ஒரு கலயம் திறந்தது. வந்தது பெண். மீசையில் கொக்கி இல்லை. சார் தன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஆணி நிறுக்கப் போனார். அவர் மகன் செய்கிற வேலையை நல்லதாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மறியல் நடுவில் மலை ஏறிய அறிவுச்செல்வனுக்கு நன்றி என்று கட்டுரையில் என் பேரைப் போடப் போவதாக சார் வகுப்பில் சொன்னார். வேண்டாம் சார் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு பசங்கள் கை தட்டினார்கள். சார் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றார்.

வந்தார். அண்ணி மோர் கொடுத்தாள். குளவி படித்தவர் என்று தெரிந்ததும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. கூட்டைக் காட்டி, "இவ்ளோ நாளாச்சி, இன்னும் தொறக்கலியே சார். உள்ள உசுரோடதான் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அம்மா கதவோரம் நின்று அதே பதிலுக்குக் காத்திருந்தாள்.

சார் முக்காலியில் ஏறி லென்சை வைத்துப் பார்த்தார். நான் கொடியில் காய்ந்த துணியை மடித்தேன். என் வாழ்க்கையில் நான் துணி மடித்தது அன்றைக்குத்தான்.

இறங்கி வந்து சார் அண்ணியிடம் சொன்னார். "இந்த வூட்டுல கட்டின கொளவி பொரிச்சி வெளிய வந்துடுச்சிம்மா. பொண்ணு. நல்லா இருக்குது. நானே பாத்தேன்."

"ஓட்டையே காணமே" என்றாள் அம்மா.

"அது வேற வழியா வந்துதுங்க" என்றார் சார்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. அம்மா பழம் எடுத்துவரப் போனாள்.

தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி சாரோடு ரோட்டு வரைக்கும் போனேன். அங்கே நின்று, சட்டைப் பையிலிருந்து கரியாலூர் சீட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"அருவிப் பாறைக்கு நீலம் போட்டு வெள்ளையடிச்சது யாருடா?"

நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கூட்டுக்குப் பின்னால அரை விரல் அகலத்துக்கு வூட்டுச் சுண்ணாம்பு ஒட்டிக்கினு இருந்துது. அதப் பாத்துட்டுத்தான் வந்தேன். நைனார்பாளையம்னு மாத்தி எழுது. எழுதிட்டு உள்ள போ. உங்க அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. அண்ணிகிட்ட மட்டும் உன் கட்டைவெரலைக் காட்டு. சொவத்துல இருக்குற அஞ்சு கலயத்துலயும் அதுதான் பதிஞ்சிருக்குது."