பதில் மனு எழுதியவள்

குடிநீர்த் துறைத் தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவில் இரண்டு மேசைகள் ஒட்டிக் கிடந்தன. ஒன்று முதல்நிலை உதவியாளருக்கு, மற்றது இரண்டாம்நிலை உதவியாளருக்கு. முதல்நிலைக்குக் கை வைத்த நாற்காலி. இரண்டாம்நிலைக்குக் கையில்லாதது. வேலை செய்கிறவளுக்குத்தான் சொந்தமாக இரண்டு கை இருக்கிறதே என்று துறை நினைத்திருக்க வேண்டும்.

விதிப்படி, கடிதங்களை யோசித்து எழுதுவது முதல்நிலையின் வேலை. அதைப் பிரதி எடுப்பது இரண்டாம்நிலையின் வேலை. நடப்பில், பத்தொன்பது வருடமாக யோசித்ததும் எழுதியதும் பிரதி எடுத்ததும் இரண்டாம்நிலையில் இருந்த அவள்தான். பக்கத்து மேசைக்காரர் கையெழுத்துப் போட்டார். எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பார் என்பதால் அவருக்குப் 'பார்த்துக்கலாம் சார்' என்றே பெயர். கெட்ட மனிதர் இல்லை. எழுத்து வராது, அவ்வளவுதான். சம்பளம் மட்டும் அவளுடையதைப்போல் ஒன்றரை மடங்கு வந்தது.

ஒரு நாள் பொறுமை தீர்ந்து, தன்னைப் போன்ற பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு நீதிமன்றம் போனாள். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்பது வழக்கு. இரண்டு நிலைகளும் எப்படி வேறு என்று விளக்கிப் பதில் மனு போடும்படி நீதிபதி துறைக்கு உத்தரவிட்டார். உத்தரவு அதிகாரியிடம் வந்தது. அவர் அதைப் பார்த்துக்கலாம் சாருக்குத் தள்ளினார். அவர் இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்து மேசைக்கு நகர்த்தினார்.

"மேடம், இத கொஞ்சம் எழுதிக் குடுத்துடுங்களேன்."

"சார், இது என் கேஸு. எனக்கு எதிரா நானே எழுதணுமா?"

"உங்க கேஸுங்கறதாலதானே உங்களுக்கு விவரம் நல்லாத் தெரியும்!"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

வீட்டில் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நல்ல சந்தர்ப்பம். கன்னாபின்னான்னு எழுதிக் குடு. அவங்களே தோத்துப் போவாங்க."

"தப்பா எழுத எனக்குக் கை வராதுங்க," என்றாள் அவள், எரிச்சலாக. அந்த எரிச்சல் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

நான்கு பக்கம் எழுதினாள். விதிகளைத் தேடியெடுத்து, பழைய தீர்ப்புகளைக் கோத்து, இரண்டாம்நிலையினருக்குச் சட்ட நுணுக்கம் புரிந்து வாதங்களை வகுத்து எழுதும் திறன் கிடையாது என்று அடித்துச் சொன்னாள். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. ஆனாலும் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்துவிட்டுத்தான் அழுதாள். அதிகாரி படித்துவிட்டுப் பார்த்துக்கலாம் சாரின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

விசாரணை நாளில் கோப்பைத் தூக்கிக்கொண்டு பார்த்துக்கலாம் சார்தான் அரசு வக்கீலுக்குப் பின்னால் நின்றார். நீதிபதி மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பத்திக்கு என்ன அர்த்தம்?"

வக்கீல் அவரைப் பார்த்தார். அவர் கோப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் மனுதாரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார். பத்தொன்பது வருடப் பழக்கம். அவள் தன்னையறியாமல் எழுந்து, அந்தப் பத்தியைத் தெளிவாக விளக்கிவிட்டாள்.

"நீங்க எந்தப் பக்கம்மா?"

"மனுதாரருங்க ஐயா."

"துறையோட பதில் உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

வாய்க்கு வந்த பொய்யை விழுங்கினாள். "நான்தாங்க எழுதினேன்."

இரண்டாம்நிலையினருக்கு எழுதும் திறன் கிடையாது என்ற வரியை நீதிபதி மெல்லத் திரும்பப் படித்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா," என்றார். பார்த்துக்கலாம் சார் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த மாதம் சம சம்பளத்துக்குத் தீர்ப்பு வந்தது.

துறை தலைவணங்கியது. வணங்கிய கையோடு, முதல்நிலையில் இருந்தவர்களை எல்லாம் 'தனிநிலை' என்று உயர்த்தி, அதற்கு இன்னும் ஒரு படி சம்பளம் வைக்க முடிவு செய்தது. பாக்கி ஒன்றுதான்: தனிநிலையின் வேலை எந்த வகையில் மேலானது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். கோப்பு பழைய தடத்திலேயே உருண்டு அவள் மேசைக்கு வந்தது.

அவள் பேனாவைத் திறந்தாள். "இதை வரைவது என்னைவிட மேலான நிலைக்குரிய பணி. எனவே திருப்பி அனுப்பப்படுகிறது." கையெழுத்துப் போட்டுப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"மேடம், முதல் வரி மட்டுமாவது..."

"பார்த்துக்கலாம் சார்," என்றாள்.

எட்டு மாதம் ஆகிறது. தாங்கள் ஏன் உசத்தி என்று எழுதத் தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்தில் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் பார்த்துக்கலாம் சார் காலையில் அரைமணி முன்னதாகவே வந்துவிடுகிறார். வெள்ளைத்தாளை எடுத்து, மேலே தேதி போடுகிறார்.